தோற்ற கட்சிக்காரர் மாணவர் இதழில் எழுதுவது: சேலத்துக் கணக்கோடு ஒரு விளக்கம்

தேர்தல் முடிவு வந்து ஒரு வாரம் போனால் மாணவர் இதழ்களின் கருத்துப் பக்கம் சூடாகிவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழக நாளேடுகளில் இது நெடுநாள் வழக்கம். நம் பக்கம் துறை இதழ், கையெழுத்துப் பத்திரிகை, நாலைந்து மாணவர்கள் சேர்ந்து நடத்தும் மின்னிதழ் என்று வடிவம் மாறும், சரக்கு ஒன்றுதான். தோற்ற கட்சியை ஆதரிக்கும் இருபது வயதுக்காரர் ஒருவர், தன் கட்சி தோற்கவில்லை, தோற்கடிக்கப்பட்டது என்று எழுதுவார். வென்ற கட்சிக்காரர் அடுத்த இதழில் கிண்டலடிப்பார். நடுவில் இருந்து படிப்பவருக்குத்தான் குழப்பம். இதில் எது காரணம், எது வெறும் வயிற்றெரிச்சல்?

அந்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சேலம் மாவட்டத்தின் தேர்தல் முடிவுகளோடு உரசிப் பார்க்கலாம். சேலத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2019 முதல் 2024 வரை இங்கே காற்று இரண்டு பக்கமும் அடித்திருக்கிறது. அதனால் இரண்டு தரப்புக்கும் தோல்விப் பத்தி எழுத வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

முதலில் சில அடிப்படைகள்

தலையங்கம் என்பது இதழின் ஆசிரியர் குழு கூடி எடுக்கும் நிலைப்பாடு. பத்தி என்பது பெயர் போட்டு ஒருவர் எழுதும் சொந்தக் கருத்து. "அந்தக் காலேஜ் பத்திரிகையே இப்படிச் சொல்லிவிட்டது" என்று பரவுவதில் பெரும்பாலானவை பத்திகள்தான். இதழுக்கு அந்தக் கருத்தோடு உடன்பாடு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர்களின் 'கிரிம்சன்' 1873 முதல் வருகிறது, யேல் மாணவர்களின் நாளேடு 1878 முதல். எதை அச்சிடுவது என்பதை இவற்றில் மாணவர்களே முடிவு செய்கிறார்கள். நம்மூர்க் கல்லூரி மலரில் முதல்வர் கையெழுத்துக்குப் பிறகே அச்சுக்குப் போகும், கட்சிப் பேச்சு உள்ளே வராது. மாணவர் பேரவைத் தேர்தலுக்கும் அதே கதிதான். மாணவர் தேர்தல்களை ஒழுங்குபடுத்த யோசனை சொன்ன லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006ல் உச்ச நீதிமன்றம் ஏற்று, வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது என்றெல்லாம் விதி வந்தது. ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தலே நடப்பதில்லை. விளைவு, இங்கே ஒரு மாணவர் முதன்முதலில் தோற்றுப் பழகுவது நேராகச் சட்டமன்றத் தேர்தலில்தான்.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2021ல் இருபது வயதானவர் தன் பத்தாவது வயதிலிருந்து அதிமுக ஆட்சியை மட்டுமே பார்த்தவர். அவருக்கு ஆட்சி மாற்றம் என்பது வரலாற்றுப் பாடத்தில் படித்த சங்கதி. அவர் பத்தியில் உலகமே இடிந்த தொனி வந்தால் அது நடிப்பு என்று சொல்ல முடியாது.

எந்த எல்லைக்குள் தோற்றார்கள்?

சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள். ஆனால் மக்களவைக் கணக்கில் மாவட்டம் நாலாக உடைகிறது. ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி, சேலம் நகரின் மூன்று தொகுதிகள் ஆகியவை சேர்ந்து சேலம் மக்களவைத் தொகுதி. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி கள்ளக்குறிச்சியோடு போகும். மேட்டூர் தருமபுரியோடு, சங்ககிரி நாமக்கல்லோடு.

2021ல் மாநிலத்தில் திமுக கூட்டணி 234ல் 159 இடங்களைப் பிடித்தது. சேலம் மாவட்டத்தில் அதே கூட்டணிக்குக் கிடைத்தது சேலம் வடக்கு மட்டும். மீதி 10ம் அதிமுக கூட்டணிக்கு, அதில் மேட்டூரும் சேலம் மேற்கும் பாமகவுக்கு. ஆக, அந்த ஆண்டு இந்த மாவட்டத்தில் இரண்டு பக்கமும் தோற்றவர்கள் இருந்தார்கள். அதிமுக மாணவர் "ஊரில் ஜெயித்தோம், நாட்டில் விட்டோம்" என்று எழுதலாம், திமுக மாணவர் அதையே தலைகீழாக. "சேலம் எங்கள் கோட்டை" என்று எழுதவும் அப்போது இடம் இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் 2019 மக்களவைத் தேர்தலில் சேலத்தைத் திமுக ஏறக்குறைய 1.47 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தது. 2022 பிப்ரவரியில் மாநகராட்சியும், 2024ல் மறுபடி மக்களவைத் தொகுதியும் திமுகவுக்கே போயின. கோட்டை என்று எழுதுபவர் எந்தத் தேர்தலின் மதில் அது என்றும் சேர்த்து எழுதினால் நல்லது.

திரும்பத் திரும்ப வரும் ஐந்து வாதங்கள்

1. "ஓட்டுப் பிரிந்துவிட்டது"

இருப்பதிலேயே கண்ணியமான வாதம் இது. யாரையும் திட்டவில்லை, சரிபார்க்க எண்கள் இருக்கின்றன. ஆனால் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான் என்பது என் எண்ணம்.

சேலம் மக்களவைத் தொகுதி, 2024. திமுகவின் டி.எம்.செல்வகணபதி 5,66,085 வாக்குகள். அதிமுகவின் விக்னேஷ் 4,95,728. பாஜக அணியில் நின்ற பாமகவின் அண்ணாதுரை 1,27,139. வித்தியாசம் 70,357. இரண்டாவது, மூன்றாவது இடங்களைக் கூட்டினால் 6,22,867 வருகிறது, அதாவது வென்றவரைவிட 56,782 அதிகம். தோற்ற தரப்பு மாணவர் இந்த ஒரு கூட்டலை வைத்தே முழுப் பத்தி எழுதிவிடலாம்: சேர்ந்து நின்றிருந்தால் ஜெயித்திருப்போம்.

சரி, சேர்ந்து நின்றபோது என்ன ஆனது? 2019ல் அதிமுக, பாமக, பாஜக, தேமுதிக எல்லாம் ஒரே அணி. சேலத்தில் அந்த அணியின் அதிமுக வேட்பாளர் வாங்கியது சுமார் 4.59 லட்சம். 2024ல் பாமகவும் பாஜகவும் இல்லாமல் தனித்து நின்ற அதிமுக அதைவிட 36 ஆயிரம் அதிகம் வாங்கியது. 2019ல் அதிமுகவிலிருந்து பிரிந்த அமமுக பிரித்த வாக்கு 50 ஆயிரத்துக்கு மேல் என்று ஒருவர் சொல்லலாம், உண்மைதான். அதையும் சேர்த்துப் பாருங்கள், அப்போதும் திமுகவின் 6.06 லட்சத்தைத் தொடவில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். 2019ல் 1.47 லட்சத்தில் தோற்ற ஏறக்குறைய அதே கூட்டணி, 2021ல் அதே மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஐந்தை வென்றது. கூட்டணி பெரிதாக மாறவில்லை. மாறியது என்ன தேர்தல் என்பது. 2019ல் கேள்வி டெல்லியில் யார் என்பது. 2021ல் எடப்பாடிக்காரர் ஒருவர் முதலமைச்சராக இருந்துகொண்டே ஓட்டுக் கேட்டார், எடப்பாடி பழனிசாமிக்கு அவர் தொகுதியில் மட்டும் 93,802 வாக்கு வித்தியாசம் கிடைத்தது. தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன் வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டமும் வந்திருந்தது. பிறகு நீதிமன்றம் அதை ரத்து செய்தது வேறு விஷயம்.

ஆக, வாக்கைக் கூட்டிக் காட்டும் பத்தியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் கட்சி இந்தக் கட்சியோடு சேர்ந்திருந்தால், இருந்த வாக்கு எல்லாம் அப்படியே இருந்திருக்குமா? பாஜகவை விட்டு வந்ததாலேயே 2024ல் அதிமுகவுக்குப் போட்டவர்கள் உண்டு. அதிமுகவோடு சேரவில்லை என்பதாலேயே பாமகவின் மாம்பழத்துக்குப் போட்டவர்களும் இருக்கலாம். கட்சிகள் கைகுலுக்கினால் தொண்டர்களும் குலுக்குவார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

2. "பணமும் அதிகாரமும் ஜெயித்தன"

இடைத்தேர்தல் என்றாலே இந்த வாதம் முன்வரிசைக்கு வந்துவிடும். 2013 டிசம்பரில் ஏற்காட்டில் நடந்ததே நல்ல உதாரணம். உறுப்பினர் பெருமாள் இறந்ததால் வந்த இடைத்தேர்தல். அமைச்சர்கள் மலையேறி முகாமிட்டார்கள். அப்போதைய ஆளுங்கட்சியான அதிமுகவின் வேட்பாளர் சரோஜா 78,116 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற தரப்பு என்ன சொன்னது என்று விளக்கத் தேவையில்லை.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது தமிழ்நாட்டில் கற்பனை அல்ல, தேர்தல் ஆணையமே அதைக் காரணமாகச் சொல்லித் தேர்தல்களைத் தள்ளிவைத்திருக்கிறது. எனவே இந்த வாதத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஆனால் அளவு பார்க்க வேண்டும். 2011 பொதுத்தேர்தலிலேயே ஏற்காட்டில் அதிமுக சுமார் 37 ஆயிரம் வித்தியாசத்தில் வென்றிருந்தது. அப்போது அது ஆளுங்கட்சி அல்ல. அதிகாரத்தையும் பணத்தையும் முழுக் காரணமாக வைத்தாலும், அவற்றால் விளக்க வேண்டியது கூடுதலாக வந்த 40 ஆயிரத்தை மட்டுமே. தோல்வியையே விளக்க வேறு காரணம் வேண்டும். ஐந்தே மாதத்தில் வந்த மக்களவைத் தேர்தலில் அதே கட்சி மாநிலத்தின் 39 இடங்களில் 37ஐ அள்ளியதையும் கூட வைத்துப் பாருங்கள். மாணவர் பத்திகளில் இந்தக் கழித்தல் கணக்கைப் பார்ப்பது அபூர்வம்.

3. "மெஷினில்தான் கோளாறு"

2009ல் தோற்ற பாஜக தரப்பு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைச் சந்தேகித்தது. 2014க்குப் பிறகு காங்கிரஸ் தரப்பு சந்தேகிக்கிறது. அமெரிக்காவில் 2004ல் புஷ் வென்றபோது ஓஹியோ மாநில வாக்கு இயந்திரங்களைப் பற்றி ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் பலர் பேசினார்கள். 2020ல் பைடன் வென்றபோது அதே பேச்சைக் குடியரசுக் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சந்தேகம் எப்போதும் தோற்றவர் வீட்டில்தான் குடியிருக்கிறது.

"அதே மெஷின்தானே அங்கே உங்களை ஜெயிக்க வைத்தது" என்று வென்றவர்கள் மடக்குவதும் முழு விடை அல்ல. கேட்கத் தகுந்தது வழிமுறையைப் பற்றிய கேள்வி. வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் பதிவான மொத்த வாக்கை எழுதி, முகவர்களுக்கு 17-சி படிவம் தருகிறார்கள். எண்ணும் நாளில் அந்தச் சாவடியின் எண்ணிக்கையோடு அதை ஒப்பிடலாம். சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளில் ஒப்புகைச் சீட்டுகளை எண்ணிப் பார்க்கிறார்கள். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பழைய வாக்குச் சீட்டுக்குத் திரும்பும் கோரிக்கையை நிராகரித்தது. அதே தீர்ப்பில், இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் ஏழு நாளுக்குள் கட்டணம் கட்டி, 5 சதவீத இயந்திரங்களின் சிப்பைச் சோதிக்கக் கேட்கலாம் என்றும் வழி விட்டது. முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுவும் போடலாம்.

எந்தச் சாவடி, 17-சியில் எவ்வளவு, எண்ணியதில் எவ்வளவு என்று ஒரு வரியாவது இல்லாத மெஷின் பத்தி, மனக்குறைப் பத்திதான். கறாராகச் சொல்கிறேன், ஆனால் எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு: முறையாகப் போனாலும் தீர்வு ஆமை வேகம். 2016ல் ராதாபுரத்தில் அப்பாவு 49 வாக்கில் தோற்றார், செல்லாது என்று ஒதுக்கிய தபால் வாக்குகளைப் பற்றி வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணினார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது. அதற்குள் கல்லூரியில் சேர்ந்தவர் பட்டமே வாங்கியிருப்பார்.

4. "ஜனங்களுக்குப் புத்தி இல்லை"

பிரியாணிக்கும் குவார்ட்டருக்கும் விற்றுவிட்டார்கள், இலவசத்துக்கு மயங்கிவிட்டார்கள், சினிமா பார்த்து ஓட்டுப் போட்டார்கள். தோல்விப் பத்திகளில் அதிகம் பகிரப்படுவது இந்த வகைதான்.

இதற்கு வயது வரம்பு இல்லை. 2012ல் ஒபாமாவிடம் தோற்ற மிட் ராம்னி, நன்கொடையாளர்களோடு தொலைபேசியில் பேசும்போது, சில பிரிவு வாக்காளர்களுக்கு ஒபாமா 'பரிசுகள்' கொடுத்து வென்றுவிட்டதாகச் சொன்னார். அவர் கட்சிக்காரர்களே கண்டித்தார்கள். நம் பக்கம் 1967. காங்கிரஸ் ஆட்சி விழுந்தபோது, முதலமைச்சராக இருந்த பக்தவத்சலம், நாட்டில் விஷக்கிருமிகள் பரவிவிட்டதாகச் சொன்னார் என்பதை மேடைகளில் இன்றைக்கும் எடுத்துப் போடுவார்கள். அவரும் அந்தத் தேர்தலில் தோற்றவர். விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்கில் வீழ்த்தியவரோ, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்து வந்த பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். இத்தனைக்கும் அந்தத் தேர்தலில் காங்கிரஸ், திமுக இரண்டுமே ஏறக்குறைய 41 சதவீத வாக்கு வாங்கின. பத்தில் நாலு பேர் தமக்குப் போட்டிருந்த மாநிலத்தைத்தான் கிருமி பிடித்த நாடு என்றார்கள்.

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குபவரும், வாழவந்தியில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் மலைவாழ் பெண்ணும் ஏன் அப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று போய்க் கேட்காமல், விடுதி அறையில் உட்கார்ந்து அவர்களுக்கு மதிப்பெண் போடுவதில் சோம்பலும் இருக்கிறது, திமிரும் இருக்கிறது. இந்த வகைப் பத்தியை ஆசிரியர் குழு திருப்பி அனுப்பினால் கருத்துரிமை ஒன்றும் செத்துவிடாது.

5. "முறையே தப்பு"

அதிக வாக்கு வாங்கியவர் வென்றார், மற்றவர்களின் வாக்குக்கு இடம் இல்லை என்பது நம் முறை. 2014ல் அதிமுக சுமார் 45 சதவீதத்தில் 37 இடங்களை வென்றது. திமுக 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் பூஜ்யம். 2024ல் திமுக கூட்டணி சுமார் 47 சதவீதத்தில் 39ஐயும் வென்றது, இந்தத் தடவை பூஜ்யம் அதிமுகவுக்கு. அமெரிக்காவில் 2016ல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு கூடுதலாக வாங்கியும், மாநிலவாரித் தேர்வாளர் கணக்கில் டிரம்பிடம் தோற்றார்.

வாதத்தில் தப்பில்லை, விகிதாசார முறை கேட்பது நியாயமான அரசியல் கோரிக்கை. எழுதும் நேரம்தான் உதைக்கிறது. 2014ல் இதை எழுதிய திமுக மாணவர் 2024ல் எழுதினாரா? 2014ல் சும்மா இருந்த அதிமுக மாணவருக்கு 2024ல் எப்படி ஞானம் பிறந்தது?

ஏன் இப்படி நடக்கிறது?

பொய் சொல்கிறார்கள் என்பதைவிடச் சிக்கலான விடை ஒன்று உண்டு, அது தற்செயலாக மாணவர் பத்திரிகைகளில் இருந்தே தொடங்குகிறது. 1951 நவம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழகங்கள் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் அடிதடியாகிவிட்டது. பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. வென்றது பிரின்ஸ்டன். அடுத்த நாட்களில் இரு தரப்பு மாணவர் நாளேடுகளும் எழுதியதைப் படித்தால் இரண்டு வேறு ஆட்டங்கள் நடந்ததுபோல் இருந்தது.

ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் ஆட்டத்தின் படச்சுருளை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, தப்பாட்டங்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த தப்பாட்டங்களை, பிரின்ஸ்டன் மாணவர்கள் டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் எண்ணினார்கள். அதே படம், அதே திரை. 1954ல் வெளியான இந்த ஆய்வு இன்றைக்கும் பாடத்தில் இருக்கிறது. பார்த்தபின் திரித்துச் சொல்வது ஒன்று, பார்க்கும்போதே வேறாகத் தெரிவது இன்னொன்று. தோல்விப் பத்தி எழுதுபவர் பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

இதன் விளைவு பெரிது. ஜனநாயகம் வென்றவர் பதவி ஏற்பதால் மட்டும் ஓடுவதில்லை, தோற்றவர் சரி என்று ஒப்புக்கொள்வதால் ஓடுகிறது. 2000ல் ஃபுளோரிடாவில் 537 வாக்கில் தோற்ற அல் கோர், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு மறுநாள் தீர்ப்பில் உடன்பாடு இல்லை, ஆனால் ஏற்கிறேன் என்றார். 2020ல் டிரம்ப் தரப்பு போட்ட அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் ஏறக்குறைய எல்லாம் தள்ளுபடியானது. பிறகும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை, 2021 ஜனவரி 6 அன்று கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. கோர் வழியில் எழுதும் பத்திக்கும் டிரம்ப் வழியில் எழுதும் பத்திக்கும் வாதத்தில் பெரிய வேறுபாடு இல்லாமல் இருக்கலாம். கடைசிப் பத்தியில் தீர்ப்பை ஏற்கிறாரா என்பதில்தான் வேறுபாடு.

தன் கட்சியைத் தானே அறுத்துப் பார்ப்பவர்கள்

ஆறாவது வகை ஒன்றும் உண்டு, எண்ணிக்கையில் குறைவு: "தப்பு நம்மிடம்தான்." இதைப் படித்தால் எல்லோரும் கைதட்டுவோம். ஆனால் தன்னைத் தானே திட்டிக்கொள்வதாலேயே ஒரு பத்தி சரியாகிவிடாது. 2012 தோல்விக்குப் பின் அமெரிக்கக் குடியரசுக் கட்சி நீண்ட சுயபரிசோதனை அறிக்கை ஒன்றை 2013 மார்ச்சில் வெளியிட்டது. குடியேறிகளிடம் கட்சி இணக்கமாகப் போக வேண்டும் என்பது அதன் முக்கிய யோசனை. 2016ல் டிரம்ப் நேர் எதிர்த் திசையில் போய் வென்றார். அறிக்கை நேர்மையானது, கணிப்பு பிசகியது.

சேலத்திலேயே இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. 1937 மாகாணத் தேர்தலில் நீதிக்கட்சி படுதோல்வி அடைந்தது, கட்சித் தலைவர் பொப்பிலி அரசரே தோற்றார். முன்பு சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார் (முதலமைச்சர் பதவிக்கு அப்போது அந்தப் பெயர்). தோற்றவர்கள் பெரியாரைத் தலைவராக்கினார்கள். 1944 ஆகஸ்டில் சேலத்தில் கூடிய மாநாட்டில், வெள்ளைக்காரன் கொடுத்த ராவ் பகதூர் பட்டங்களை விட வேண்டும் என்றும் கட்சி இனித் திராவிடர் கழகம் என்றும் தீர்மானித்தார்கள். அண்ணாதுரை தீர்மானம் என்று பெயர். கழகம் தேர்தலில் நிற்பதையே விட்டுவிட்டது. அதில் இருந்து 1949ல் பிரிந்த திமுக 1957ல் தேர்தலுக்குத் திரும்பியது. பட்டத்தையும் பதவியையும் நம்பியிருந்த கட்சிக்கு ஜனங்கள் மத்தியில் வேர் இல்லை என்பதுதான் அந்தச் சுயவிமர்சனம். ஓட்டுப் போட்டவர்களைத் திட்டவில்லை.

பிரசுரிக்கும் முன் கேட்க வேண்டியவை

மாணவர் இதழ் நடத்துபவர்கள் பத்தி எழுதியவரிடம் மூன்று கேள்வி கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

1. காரணம் என்று சொல்வது இந்தத் தேர்தலில் புதிதாக வந்ததா, போன தடவை வென்றபோதும் இருந்ததா?
2. அதை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் முடிவு மாறுமா? மேட்டூரில் 2021ல் வித்தியாசம் 656 வாக்கு, தியாகராய நகரில் 137. அங்கே சின்னக் காரணமும் பெரிய காரணம். எடப்பாடியின் 93 ஆயிரத்தில் அப்படி இல்லை.
3. முடிவை ஏற்கிறாரா?

வென்றவரின் பத்திக்கும் இதே கேள்விகள் பொருந்தும், அங்கே யாரும் கேட்பதில்லை என்பது வேறு கதை. "தமிழ்நாடே எங்கள் பின்னால்" என்று 2024ல் எழுதிய மாணவரிடம், 100க்கு 53 பேர் வேறு சின்னத்தில் பொத்தானை அமுக்கியிருக்கிறார்களே, அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று ஆசிரியர் கேட்டிருக்கலாம்.